மூன்றாம் புத்தகத்தின் கசப்பு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் விடுமுறைக்கு வந்தபோது விட்டுச்சென்ற புத்தகங்களில் தொடங்கி, சில மாதங்களாக இளையோருக்கான மிகுபுனைவுகளையும், கொடுங்கோன்மை நிறைந்த எதிர்கால உலகைக் காட்டும் டிஸ்டோபியா நாவல்களையும் மட்டுமே படித்துக்கொண்டிருக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் இதையெல்லாம் படிப்பதா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

இந்த வரிசைகளில் முதல் புத்தகம்தான் புத்தகம் என்பது என் எண்ணம். மூன்றாவதற்கு வரும்போது கதை கைநழுவிப் போய்விடுகிறது. 'ஹங்கர் கேம்ஸ்' வரிசையின் 'மாக்கிங்ஜே'வைப் படித்து முடித்தபோது ஏமாந்துபோனேன். வில்லெடுத்து வேட்டையாடிய நாயகி காட்னிஸ் அடிக்கடி மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கிறாள். தங்கையைக் காப்பாற்றத் தொடங்கிய கதையில் தங்கையே செத்துப்போனால் பிறகு என்ன மிச்சம்? 'டைவர்ஜென்ட்' வரிசையிலும் கடைசியில் நாயகி டிரிஸ் இறந்துவிடுகிறாள். பிள்ளைகள் படிக்கும் கதையில் இவ்வளவு கசப்பு தேவையா? ஒரு பெண், இரண்டு பையன்கள் என்ற முக்கோணமும் அலுத்துவிட்டது. உலகைக் காக்கவென்றே பிறந்தவர்களின் மிகுபுனைவுக் கதைகளும் அப்படித்தான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

படித்து முடித்தபின் இவ்வளவு கோபம் வருகிறதென்றால் அந்தப் புத்தகங்கள் உங்களுக்கும் சேர்த்து எழுதப்பட்டவைதான். வயதைப் பற்றி வீட்டில் யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். 'மாக்கிங்ஜே' விஷயத்தில் மட்டும் நான் உங்களோடு முழுமையாக மாறுபடுகிறேன். 2010இல் வந்த அந்த மூன்றாம் புத்தகம்தான் சுசான் காலின்ஸின் வரிசையை நிற்கவைக்கிறது. அது இல்லாவிட்டால் முதல் புத்தகம் ஒரு பரபரப்பான போட்டிக் கதையாகவே நினைவில் இருந்திருக்கும்.

2008இல் வந்த முதல் நாவலில் பலரும் வேகமாகக் கடந்துபோகும் ஒரு பகுதி உண்டு. பனெம் என்ற கற்பனை நாட்டில், பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்ல வேண்டிய போட்டிக்கு மாவட்டங்களிலிருந்து குலுக்கல் போட்டு ஆள் எடுக்கிறார்கள். பன்னிரண்டு வயதானதும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அந்தக் குலுக்கலில் சேர்கிறது. ஆண்டுக்கு ஒரு சீட்டு கூடுகிறது. வீட்டில் பட்டினி என்றால் கூடுதல் சீட்டு போட்டுக்கொள்ளலாம். ஒரு சீட்டுக்கு, ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கென்று கொஞ்சம் தானியமும் எண்ணெயும் தருவார்கள். போட்ட சீட்டுகள் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே வரும். பதினாறு வயதுக் காட்னிஸின் பெயர் 20 சீட்டுகளில் இருக்கிறது. அவளுடைய வேட்டைத் தோழன், பதினெட்டு வயதுக் கேலின் பெயர் 42 சீட்டுகளில். மேயரின் மகள் தானியத்துக்காக ஒரு சீட்டுகூடப் போட்டதில்லை. கேல் அவள்மேல் எரிந்துவிழுகிறான். ஆனால் பசித்தவர்களையும் ஓரளவு சாப்பிடுகிறவர்களையும் ஒருவரையொருவர் நம்பவிடாமல் செய்யத்தான் இந்த ஏற்பாடு என்பதும் அவனுக்குத் தெரியும். காட்னிஸ் தன் தங்கை ப்ரிம்மைக் கூடுதல் சீட்டு போட விட்டதே இல்லை. ப்ரிம்முக்கு ஆயிரக்கணக்கான சீட்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு சீட்டு. அதுதான் வெளியே வருகிறது. தங்கைக்குப் பதிலாகக் காட்னிஸ் போகிறாள்.

கொடுங்கோன்மை ஒரு குடும்பத்தின் அடுக்களை வரை எப்படி வந்து சேர்கிறது என்று இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டுக் காட்டிய இளையோர் நாவல்கள் மிகக் குறைவு. 'டைவர்ஜென்ட்' எனக்குக் குறைபடுவது இங்கேதான். 2011இல் வந்த வெரோனிகா ராத்தின் அந்த நாவலில் சிகாகோ நகரத்து மக்கள் தியாகம், நேர்மை, துணிவு, அறிவு, இணக்கம் என்று குணத்தை வைத்து ஐந்து பிரிவுகளாக வாழ்கிறார்கள். பதினாறு வயதில் தேர்வு, பயிற்சி, போட்டி என்று கதை விறுவிறுப்பாகப் போகிறது. ஆனால் இந்தப் பிரிவினையால் யாருக்கு லாபம், எதற்காக இதைக் கட்டிக் காக்கிறார்கள் என்ற கேள்விக்கு ஊருக்குள் போதுமான பதில் இல்லை. மூன்றாம் புத்தகத்தில் நகரத்துக்கு வெளியே போய், இது ஒரு மரபணுப் பரிசோதனை என்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. டிரிஸின் சாவு அந்த விளக்கத்தின்மேல் நிற்கிறது. நாயகியைக் கொல்ல ராத்துக்கு இருந்த துணிச்சலை மதிக்கிறேன். ஆனாலும் உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது, அதில் எனக்கும் பங்குண்டு.

ப்ரிம்மின் சாவு அப்படிப்பட்டதன்று. மறுபடி ஒருமுறை அந்தப் பக்கங்களைப் பாருங்கள். முதல் புத்தகத்தில் போட்டிக் களத்துக்குள் வெள்ளிநிறப் பாராசூட் இறங்கினால் மருந்து வரும், ரொட்டி வரும். உயிர் பிழைக்க வைப்பது அதுதான். மூன்றாம் புத்தகத்தின் முடிவில் அதிபர் ஸ்னோவின் மாளிகைக்கு முன்னால் தலைநகரத்துக் குழந்தைகளைக் கேடயமாக அடைத்து வைத்திருக்கிறார்கள். வானிலிருந்து அதே வெள்ளிநிறப் பாராசூட்டுகள் இறங்குகின்றன. குழந்தைகள் ஆசையாகக் கைநீட்டுகிறார்கள். அவை வெடிக்கின்றன. காயம்பட்டவர்களைத் தூக்க மருத்துவ உதவியாளர்கள் ஓடிவருகிறார்கள், அவர்களில் ப்ரிம்மும் ஒருத்தி. அப்போது மிச்சமிருந்தவை வெடிக்கின்றன. முதல் வெடிப்புக்கு உதவ ஓடிவருகிறவர்களை இரண்டாவது வெடிப்பில் கொல்வது என்ற உத்தியைப் பல அத்தியாயங்களுக்கு முன்பே கிளர்ச்சித் தரப்பில் உட்கார்ந்து யோசித்தவர்களில் ஒருவன் கேல். அன்றே காட்னிஸ் இது எல்லை மீறுவதாகாதா என்று கேட்டாள். போட்டது தன் குண்டுதானா என்பது கேலுக்கே தெரியாது. காட்னிஸுக்கும் கடைசிவரை உறுதியாகத் தெரியப்போவதில்லை. நீங்கள் அலுத்துக்கொண்ட முக்கோணம் அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. காட்னிஸோடு களத்துக்குப் போன பீட்டாவா, கேலா என்ற கேள்விக்கு அதன்பிறகு பொருளே இல்லை.

பிறகு ஸ்னோவை எதிர்த்த கிளர்ச்சியின் தலைவி காயின், தலைநகரத்துக் குழந்தைகளை வைத்துக் கடைசியாக ஒரு போட்டி நடத்தலாம் என்கிறாள். ஸ்னோவைக் கொல்ல நிறுத்தப்பட்ட காட்னிஸ் காயினைக் கொல்கிறாள். வென்ற தரப்பிலிருந்தே அடுத்த கொடுங்கோலர் எழுந்து வருவதைப் பதின்பருவத்து வாசகரிடம் மறைக்காமல் சொன்னதற்காகவே இந்தப் புத்தகத்தை நான் நேசிக்கிறேன். காட்னிஸ் படுக்கையில் கிடப்பதாகக் குறைப்பட்டீர்கள். இரண்டு முறை கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டு, பிறகு கிளர்ச்சிக்காரர்களாலும் அலங்கரிக்கப்பட்டுக் கேமரா முன் நிறுத்தப்பட்ட பதினேழு வயதுப் பெண் வேறு எப்படி இருப்பாள்? காலின்ஸின் தந்தை விமானப்படைக்காரர். வியட்நாம் போருக்கு அவர் போனபோது காலின்ஸ் சின்னஞ்சிறுமி. தொலைக்காட்சியில் ரியாலிட்டி ஷோவையும் இராக் போர்க் காட்சிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தக் கதையின் விதை விழுந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். போருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் எந்த நிலையில் திரும்புகிறார்கள் என்பதை அறிந்தவரின் எழுத்து அது.

இந்தக் கதைகளை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாத ஒரு தலைமுறையும் இருக்கிறது. மூன்று விரல்களை உதட்டில் வைத்து உயர்த்துவது, நாவலில் பன்னிரண்டாம் மாவட்டத்து மக்கள் பிரியமானவருக்கு விடைகொடுக்கும் பழைய வழக்கம். 2014இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, திரைப்படத்தின் வழியே அதை அறிந்திருந்த மக்கள் தெருவில் அப்படிக் கையை உயர்த்தினார்கள். அதற்காகக் கைதானார்கள். 2021இல் மியான்மரிலும் அதே கை உயர்ந்தது. பிள்ளைகளுக்கு இந்தக் கசப்பு தேவையா என்று கேட்டீர்கள். அவர்கள் வாழும் உலகத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. புத்தகத்திலாவது அதைப் பற்றிப் பேச ஒரு துணை கிடைக்கட்டும்.

காக்கப் பிறந்தவர்கள் மீதான அலுப்பு எனக்கும் உண்டு. அதற்கு மருந்தாக உர்சுலா லெ க்வின்னின் 'எர்த்ஸீ' நாவல்களைச் சொல்வேன். 1968இல் வந்த முதல் நாவலில் கெட் என்ற சிறுவன் துரத்திவரும் நிழலுக்கு அஞ்சித் தீவு தீவாக ஓடுகிறான். அந்த நிழலை உலகுக்குள் விட்டது அவனுடைய சொந்த வீம்புதான். அடுத்த நாவலில் டெனார் என்ற சிறுமி வருகிறாள். அவளை உண்மையிலேயே 'தேர்ந்தெடுக்கிறார்கள்'. இறந்துபோன பூசாரிணியின் மறுபிறப்பு என்று சொல்லித் தாயிடமிருந்து பிரித்து, பெயரைப் பறித்து, இருட்டுக்குள் இருக்கும் கல்லறைகளுக்குக் காவலாக வைக்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்படுவது ஒரு குழந்தையை என்ன செய்யும் என்பதை லெ க்வின் அப்போதே எழுதிவிட்டார்.

மூன்றாம் நாவல் வந்து 18 ஆண்டுகள் கழித்து, 1990இல் நான்காவதாக 'டெஹானு' வந்தது. கெட் தன் மந்திர சக்தியை முழுதாக இழந்து வீடு திரும்பியிருக்கிறான். டெனார் இப்போது நடுவயதுக்காரி, கணவனை இழந்தவள், பண்ணையைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறவள். தீயில் வீசப்பட்டு முகமும் கையும் வெந்துபோன ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். சாகசத்தை எதிர்பார்த்து வந்த பல வாசகர்களுக்கு அந்தப் புத்தகம் பிடிக்கவில்லை. நீங்கள் முதல் மூன்றையும் வரிசையாக முடித்துவிட்டு அதற்கு வாருங்கள். இந்த வகை நாவல்களில் உங்கள் வயதுப் பெண்ணைக் கதையின் நடுவில் வைத்த புத்தகங்கள் அபூர்வம். அதைப் படித்தபின் 'மாக்கிங்ஜே'வைப் பற்றி இன்னும் இதே கருத்துதானா என்று எழுதுங்கள்.

அன்புடன்