வெட்டுக்கிளிக் காலைப் படிக்க விரும்பும் மகளுக்கு எந்தக் குரூப்?

பென்னாகரம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு, வணக்கம்.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த உங்கள் பாப்பா, "தன் கால் எங்கே இருக்கிறது என்று ஒரு பூச்சிக்கு எப்படித் தெரிகிறது? அதைத்தான் படிப்பேன்" என்று பிடிவாதமாக நிற்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் நீட் எழுதச் சொல்கிறார்கள். பூச்சியைப் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப்பில் சேர்த்துவிடுங்கள். இந்த ஒரு முடிவு சரியாக இருந்தால் இப்போதைக்குப் போதும்.

பூச்சிக்கும் கணிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். அவள் கேட்கும் கேள்விக்குள்ளேயே அது இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது அல்லவா? தசைகளுக்குள் இருக்கும் உணர்விகள் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதால்தான் அது. பூச்சிக்கு உள்ளே எலும்பு கிடையாது, வெளி ஓடுதான் அதன் எலும்பு. அந்த ஓட்டிலேயே கண்ணுக்குத் தெரியாத சிறு குமிழ்கள் பதிந்திருக்கின்றன. உடல் எடை காலில் இறங்கி ஓடு துளி வளைந்தாலும் அவை அமுங்கி நரம்புக்குச் சேதி அனுப்பிவிடும். கரப்பான்பூச்சியின் காலில் இதை 1938-லேயே பிரிங்கிள் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஆராய்ந்து எழுதினார். மூட்டு ஓரங்களில் நுண்ணிய மயிர்கள் கூட்டமாக இருக்கும். கால் நன்றாக மடங்கும்போது அந்த மயிர்களும் மடங்கும், மூட்டு எல்லைக்கு வந்துவிட்டது என்று தெரிந்துவிடும். தொடைக்குள் இன்னொரு உறுப்பு இருக்கிறது. மெல்லிய நாண் ஒன்றால் முழங்காலோடு கட்டப்பட்ட நரம்பணுக் கூட்டம் அது. பழ ஈயின் ஒரே காலில் இந்த உறுப்புக்கு மட்டும் சுமார் 150 நரம்பணுக்கள். அவற்றில் சில, கால் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்கின்றன. சில, எந்தத் திசையில் நகர்கிறது என்று சொல்கின்றன. வேறு சில, அதிர்வைப் பிடிக்கின்றன.

இந்த உறுப்பை வைத்துச் செய்த ஒரு சோதனையைப் பாப்பாவுக்குக் கட்டாயம் படித்துக் காட்டுங்கள். 1981-ல் கிரஹாம், பாஸ்லர் என்ற இருவர், குச்சிப்பூச்சியின் தொடைக்குள் இருக்கும் அந்த நாணை மூட்டின் மறுபக்கத்துக்கு மாற்றிப் பொருத்தினார்கள். அதற்கப்புறம் கால் மடங்கும்போது 'நீள்கிறேன்' என்று தலைகீழாகச் சேதி போனது. நடக்கவிட்டால், அந்தக் காலை ஊன்ற வேண்டிய நேரத்தில் ஊன்றாமல், சல்யூட் அடிப்பதுபோல் மேலே தூக்கி நீட்டிக்கொண்டது பூச்சி. சேதி ஒன்று மாறியதும் நடையே மாறிவிட்டது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத சோதனை இது.

கோணம், வேகம், விசை, மின்துடிப்பு. இவற்றை அளந்து, கணினியில் போட்டுப் பார்ப்பதுதான் இந்தத் துறையின் அன்றாட வேலை. ஆறு கால் ரோபோ செய்கிறவர்களும் இந்த விவரங்களைத்தான் தேடி வருகிறார்கள். கணிதத்தை விட்டுவிட்டு இதற்குள் வருவது சிரமம்.

பரீட்சைக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. அறிவியல் படிப்புக்கும் ஆய்வுக்குமென மத்திய அரசு நடத்தும் ஐஐசர் நிறுவனங்கள் நாட்டில் 7 இருக்கின்றன, நமக்குப் பக்கம் திருப்பதி. அவற்றின் நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் என்று நான்குக்கும் சம அளவில் கேள்வி வரும். நீட் படிப்பு இதில் முக்கால் பங்குக்கு உதவும். அதனால் நீட்டையும் எழுதட்டும், வீட்டில் சண்டை வேண்டாம்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஐஐசரில் ஐந்து வருடம், அப்புறம் முனைவர் பட்டத்துக்கு இன்னும் ஐந்தாறு வருடம். 2023 தொடக்கத்திலிருந்து மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். ஆய்வில் சேர்ந்த பிறகு அவள் செலவை அவளே பார்த்துக்கொள்வாள், ஆனால் நிலையான வேலை கிடைக்க முப்பது வயதாகிவிடலாம். பேராசிரியர் இடங்கள் குறைவு, போட்டி அதிகம். கல்யாணப் பேச்சு நடுவில் வரும் என்பதும் எனக்குத் தெரியும். இதையெல்லாம் இப்போதே அவளிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். வெளிநாடு போனால்தான் இந்த ஆராய்ச்சி என்று மட்டும் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பூச்சிகள் எப்படிப் பறக்கின்றன, எப்படி மணம் அறிகின்றன என்று ஆராயும் கூடங்கள் ஓசூரைத் தாண்டினால் பெங்களூருவில், என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆய்வு நிறுவனத்திலேயே இருக்கின்றன.

ஐஐசர் கிடைக்காவிட்டால் கோவை வேளாண் பல்கலைக்கழகம். அங்கே இளநிலைக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடும் உண்டு. பிறகு பூச்சியியலில் முதுநிலை படிக்கலாம். 2020 மே மாதம் கிருஷ்ணகிரி நேரலகிரியில் எருக்கஞ்செடிகளில் வெட்டுக்கிளிகள் மொய்த்தபோது, பாலைவன வெட்டுக்கிளி வந்துவிட்டது என்று ஊரே பதறியது. அது வேறு வகை என்று பார்த்துச் சொன்னவர்கள் பூச்சியியல் படித்தவர்கள்தான். மாந்தோப்பும் பட்டுப்புழுவும் உள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களில் அந்தப் படிப்புக்கு மதிப்பு உண்டு.

நீங்கள் பட்டுப்புழு வளர்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நூல் கட்டும் புழு 8 போட்டதுபோல் தலையை ஆட்டுவதை அவள் பார்த்து வளர்ந்திருப்பாள், இந்தக் கேள்வி வேறு எங்கிருந்து வந்திருக்கும்? விடுமுறையில் ஒரு வேலை கொடுங்கள். வேகமாக நடக்கும் கரப்பானை செல்போனில் ஸ்லோமோஷனில் எடுக்கட்டும். ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும், மறுபக்கத்து நடுக்காலும் சேர்ந்து தரையில் நிற்கும், மற்ற மூன்று கால்கள் முன்னே போகும். இதை ஒவ்வொரு அடியாக நோட்டில் குறிக்கட்டும். சலிக்காமல் செய்கிறாளா, இரண்டாம் நாளே விட்டுவிடுகிறாளா என்று பாருங்கள்.

உங்கள் பக்கத்துப் பள்ளியில் முதல் குரூப்பில் இடம் இல்லை என்றால், கணிதம் இல்லாத குரூப்பில் அவசரப்பட்டுச் சேர்த்துவிடாதீர்கள். தருமபுரியிலோ பாலக்கோட்டிலோ வேறு அரசுப் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்றால் பிளஸ் டூவையும் அங்கேயே முடிக்கட்டும், கல்லூரிக்குப் போகும்போது புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்.