லென்ஸ்களை ஒப்பிடும்போது எதைப் பார்க்க வேண்டும்? – ஒளிப்பதிவுக் கேள்வி-பதில்

கேள்வி: புகைப்பட லென்ஸைவிடச் சினிமா லென்ஸ் கூர்மையானது என்பதால்தான் அதன் விலை பல மடங்கு கூடுதலா?

பெரும்பாலும் இல்லை. சிக்மா நிறுவனத்தின் டி1.5 (டி, எஃப் எண்களின் பொருள் அடுத்த பதிலில்) சினிமா பிரைம் லென்ஸ்கள், அதாவது ஜூம் இல்லாத, ஒரே குவியத் தூரமுள்ள லென்ஸ்கள், அதே நிறுவனம் புகைப்படத்துக்காக வெளியிட்ட எஃப்/1.4 ஆர்ட் வரிசை லென்ஸ்களின் கண்ணாடி அமைப்பையே பெரும்பாலும் கொண்டவை. விலையைக் கூட்டுவது அந்தக் கண்ணாடியைச் சுற்றியுள்ள இயந்திர வேலைப்பாடு. புகைப்பட லென்ஸின் ஃபோகஸ் வளையம், வேகமாகச் சுழற்ற வசதியாக, ஏறக்குறைய கால் சுற்றிலேயே முடிந்துவிடும். சினிமா லென்ஸ்கள் பலவற்றில் அது 270 பாகை அல்லது அதற்கும் மேல் சுழல்கிறது. நடிகர் நடந்து வரும்போது அவர் கண்ணில் ஃபோகஸைத் தக்கவைக்க முயலும் உதவியாளருக்கு இந்த நீளமே பிடிமானம். ஃபோகஸ் மாற்றும்போது காட்சியின் சட்டகம் விரிந்து சுருங்கும் ‘பிரீதிங்’ குறையைக் கட்டுப்படுத்துவதும், ஒரு தொகுப்பிலுள்ள லென்ஸ்கள் அனைத்திலும் பல்வளையங்களை ஒரே இடத்தில் அமைத்து முன்புற விட்டத்தை ஒன்றாக வைப்பதும் அந்த விலைக்குள் அடக்கம். லென்ஸை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் மோட்டாரையும், லென்ஸின் முன் மாட்டும் ஒளிமறைப்புப் பெட்டியான மேட் பாக்ஸையும் கழற்றி மாட்ட நேர்ந்தால் ஒரு நாளில் எவ்வளவு நேரம் வீணாகும் என்பதைப் படப்பிடிப்பில் நின்றவர்கள் அறிவார்கள். தனியாளாக ஆவணப்படம் எடுப்பவருக்கு இவற்றில் பாதி தேவைப்படாது. அவர் நல்ல புகைப்பட லென்ஸோடு நிம்மதியாக இருக்கலாம்.

கேள்வி: இரண்டு லென்ஸ்களையும் எஃப்/2.8-இல் வைத்தே எடுத்தேன். ஒரு காட்சி மங்கலாக வந்தது ஏன்?

எஃப் எண் என்பது குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் கணக்கு. கண்ணாடிகளைக் கடந்து சென்சாரை எட்டும் ஒளி எவ்வளவு என்பதை அது சொல்வதில்லை. எஃப்/2.8 என்று குறித்த ஒரு லென்ஸ் 80 சதவீத ஒளியைக் கடத்தினால் அந்த இழப்பையும் கணக்கில் சேர்த்த அதன் உண்மையான டி-மதிப்பு சுமார் 3.1. அதே குறியுள்ள, கண்ணாடிகள் அதிகமுள்ள ஒரு ஜூம் 64 சதவீதம் மட்டும் கடத்தினால் டி-மதிப்பு 3.5; இரண்டுக்கும் இடையே மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது) வித்தியாசம் வந்துவிடுகிறது. ஒளியளவைப் பொருத்த டி-எண்ணையும், ஃபோகஸ் ஆழத்தைக் கணக்கிட எஃப் எண்ணையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: இரண்டு லென்ஸ் தொகுப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு நாள் சோதனைக்கு அனுமதி கிடைத்துள்ளது. அந்த நாளை எப்படிப் பயன்படுத்துவது?

முதலில் இரண்டையும் சம நிலையில் நிறுத்துங்கள். டி1.3 வரை திறக்கும் மாஸ்டர் பிரைமை அதன் முழுத் திறப்பிலும், டி2-இல் தொடங்கும் குக் எஸ்4-ஐ அதன் முழுத் திறப்பிலும் எடுத்து, ஒன்று மென்மை, மற்றது கூர்மை என்று தீர்ப்புச் சொல்வதில் பொருள் இல்லை. முதலில் இரண்டையும் டி2.8-இல் எடுத்துவிட்டு, அதன்பின் ஒவ்வொன்றின் முழுத் திறப்பையும் தனியாகப் பாருங்கள். கேமராவின் ஷார்ப்பனிங்கை அணைத்து, நிறத்தைப் பின்னர் சீரமைக்க இடம்தரும் ரா அல்லது லாக் முறையில், ஒரே வெண்சமநிலையில் பதிவு செய்யுங்கள். சட்டகத்தில் முகத்தின் அளவு இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

சோதனை அட்டையோடு நின்றுவிடுபவர்கள் பலர். அட்டை, சட்டகத்தின் ஓரங்களில் கூர்மை எவ்வளவு தளர்கிறது என்பதையும் நிற விளிம்புகளையும் காட்டும்; முகத்தின் தோலில் வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு இறங்கும் சரிவை அது காட்டாது. ஆகவே ஒரு முகத்தை ஒருபக்க ஒளியில் எடுங்கள். பின்னணியில் சிறு விளக்குகளை வைத்து, ஃபோகஸுக்கு வெளியே அவை எந்த வடிவத்தில் சிதறுகின்றன என்று கவனியுங்கள். ஒரு டார்ச் விளக்கைச் சட்டகத்தின் வெளியிலிருந்து மெதுவாக உள்ளே கொண்டுவந்து கடத்துங்கள். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். இன்றைய பல்லடுக்குப் பூச்சுகள் அதை ஒரு சதவீதத்துக்கும் கீழே இறக்குகின்றன. பழைய லென்ஸ்கள் எதிரொளியில் வெளிறிப்போவதும், புதியவை கறுப்பைக் கறுப்பாகவே காப்பதும் இதனால்தான். இன்றைய லென்ஸ்களைப் பிரித்துக் காட்டும் சோதனைகளில் இந்த டார்ச் சோதனையே முதன்மையானது என்பது என் கருத்து. நடுப்பகுதிக் கூர்மையில் அவை பெரும்பாலும் நெருங்கியே நிற்கின்றன.

பிரீதிங்கைப் பார்க்கத் துளையை டி8 அளவுக்குச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். அப்போதுதான் ஓரங்கள் மங்காமல் சட்டகத்தின் அசைவு தெரியும். பிறகு, ஒரு தொகுப்புக்குள்ளேயே 25, 35, 50, 75 என்று வரிசையாக அதே சாம்பல் அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒரு தொகுப்பு சற்று வெதுவெதுப்பாகவும் மற்றது சற்றுக் குளிர்ந்தும் இருப்பது நிறச் சீரமைப்பில் எளிதில் சரியாகிவிடும். ஒரே தொகுப்பில் ஒரு லென்ஸ் மட்டும் பச்சையாகச் சாய்ந்தால், அந்த லென்ஸால் எடுத்த ஒவ்வொரு ஷாட்டையும் தனியாகத் திருத்த வேண்டியிருக்கும்.

கேள்வி: ஃபுல் ஃபிரேமில் 75 மி.மீ., சூப்பர் 35-இல் 50 மி.மீ. – இரண்டும் ஒரே காட்சியைத் தருமா?

இவை இரண்டு சென்சார் அளவுகள்; ஃபுல் ஃபிரேம் பெரியது, சூப்பர் 35 அதைவிடச் சிறியது. கேமரா அதே இடத்தில் நின்றால் கோணம் ஒன்றே, பொருள்களுக்கிடையிலான தோற்ற விகிதமும் ஒன்றே. அந்த விகிதத்தைத் தீர்மானிப்பது தூரம், லென்ஸ் அல்ல. மாறுவது ஃபோகஸ் ஆழம். சூப்பர் 35-இல் எஃப்/2.8 தரும் ஆழத்தை ஃபுல் ஃபிரேமில் பெற எஃப்/4-க்குச் சற்று மேலே செல்ல வேண்டும். இன்னொன்று: சூப்பர் 35-க்கென்று செய்த லென்ஸ் சுமார் 31 மி.மீ. விட்டமுள்ள உருவ வட்டத்தையே (சென்சார் மீது லென்ஸ் விழச்செய்யும் ஒளி வட்டம்) உறுதியாகத் தரும். ஃபுல் ஃபிரேமுக்கு 43 மி.மீ.க்கு மேல் தேவை. மூலைகள் கறுத்துவிடும் லென்ஸை ஒப்பீட்டில் சேர்ப்பதே வீண்.

கேள்வி: பி.எல். மவுண்ட் லென்ஸை மிரர்லெஸ் கேமராவில் பொருத்தலாமா? குறித்த தூரத்தில் ஃபோகஸ் வரவில்லை என்கிறார்களே?

பொருத்தலாம். பி.எல். என்பது சினிமா கேமராக்களில் லென்ஸை மாட்டும் இணைப்பு (மவுண்ட்) வகை. அந்த மவுண்டுக்கும் சென்சாருக்கும் இடையே 52 மி.மீ. இருக்க வேண்டும், சோனி இ மவுண்டில் 18 மி.மீ.தான் என்பதால், மிச்சமுள்ள 34 மி.மீ.யை அடாப்டர் நிரப்புகிறது. 44 மி.மீ. கொண்ட கேனன் இ.எஃப். லென்ஸைப் பி.எல். கேமராவில் வெறும் அடாப்டரால் பொருத்த முடியாததும் இதே கணக்கால்தான்.

ஃபோகஸ் தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அடாப்டரின் தடிமனில் உள்ள நுண்ணிய பிசகு. 25 மி.மீ. லென்ஸில் 0.02 மி.மீ. பிசகினால்கூட, 3 மீட்டர் என்று குறித்த இடத்தில் ஃபோகஸ் சுமார் 30 செ.மீ. தள்ளிப்போகும், 50 மி.மீ. லென்ஸில் அதே பிசகு 7 செ.மீ. அளவோடு நின்றுவிடும். எனவே அகலக் கோண லென்ஸை வைத்தே அடாப்டரைச் சோதித்து, மெல்லிய ஷிம் தகடுகளால் சரிசெய்ய வேண்டும். அடாப்டரைச் சரிசெய்யாமல் லென்ஸைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

கேள்வி: அனமார்ஃபிக்கில் 1.33 மடங்கா, 2 மடங்கா?

அனமார்ஃபிக் லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் அத்தனை மடங்கு சுருக்கிப் பதிவுசெய்யும்; பின்னர் அதை விரித்து அகலத்திரைப் படமாக்குவார்கள். உங்கள் சென்சாரின் வடிவத்தைப் பாருங்கள். 16:9 சென்சாரில் 1.33 மடங்கு லென்ஸ் வைத்தால் விரித்தபின் 2.37:1 கிடைக்கும், இது வழக்கமான அகலத்திரை விகிதமான 2.39:1-க்கு நெருக்கம் என்பதால் ஏறக்குறைய எதையும் வெட்ட வேண்டாம். அதே சென்சாரில் 2 மடங்கு வைத்தால் 3.56:1 ஆகி, அந்த விகிதத்துக்கு வெட்டும்போது இரு பக்கமும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கை இழப்பீர்கள். 4:3 சென்சார் இருந்தால் 2 மடங்கே பொருத்தம். பின்னணி விளக்குகள் முட்டை வடிவில் நீள்வதும் அதில்தான் தெளிவாகத் தெரியும். 1.33-இல் அந்த நீட்சி குறைவு என்பதால், வாங்கியபின் ஏமாற்றமடைபவர்கள் உண்டு. எதை ஒப்பிட்டாலும் நெருக்கமான முகத்தை எடுத்துப் பாருங்கள்: 1953-இல் வந்த சினிமாஸ்கோப்பின் தொடக்க கால லென்ஸ்களில் நெருக்கக் காட்சிகளில் முகங்கள் உப்பித் தெரிந்த குறை, மலிவான சில லென்ஸ்களில் இன்றும் தலைகாட்டுகிறது.

கேள்வி: ஒரு ஜூமா, நான்கு பிளாக் லென்ஸ்களா?

பிளாக் லென்ஸ் என்பது மேலே சொன்ன பிரைம் லென்ஸே. இரவுக் காட்சிகள் அதிகம் என்றால் பிளாக் லென்ஸ். நேரம் குறைவு, வெளிச்சம் போதும் என்றால் ஜூம். ஆனால் ஜூம் செய்யும்போது ஃபோகஸ் நகராத வகைதானா என்பதை நீளமான முனையில் ஃபோகஸ் வைத்து, அகலக் கோணத்துக்குத் திரும்பிச் சரிபார்த்தபின் எடுங்கள்.