ரியாலிட்டி டிஸ்டார்ஷன் ஃபீல்ட் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நஷ்டத்தை மறைத்து லாபக் கணக்கு காட்டிய ஒரு மேலாளரைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். அதில் ‘இதுதான் அவருடைய ரியாலிட்டி டிஸ்டார்ஷன் ஃபீல்ட்’ என்று ஒரு வரி. அந்தப் பிரயோகமே தப்பு என்கிறார் நண்பர். தப்பா? தமிழில் ‘யதார்த்தத் திரிபுக் களம்’ என்று போடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தப்புதான். நீங்கள் சொல்லும் ஆள் செய்தது மோசடி. அதற்குப் பொய்க்கணக்கு என்று நல்ல சொல்லே இருக்கிறதே.

இந்தச் சொற்றொடர் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸோடு ஒட்டிக்கொண்டது. 1981இல் ஆப்பிளின் மேக்கின்டாஷ் கணினிக் குழுவுக்கு வந்த நிரலாளர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டிடம், அங்கே மென்பொருள் வேலையைப் பார்த்துக்கொண்ட பட் டிரிபிள் என்பவர் ஓர் அட்டவணையைக் காட்டுகிறார். 1982 தொடக்கத்திலேயே கணினி விற்பனைக்குப் போயாக வேண்டுமாம். நடக்கவே நடக்காது என்கிறார் ஹெர்ட்ஸ்ஃபெல்ட். டிரிபிளுக்கும் அது தெரியும், ஆனால் ஜாப்ஸ் ஒத்துக்கொள்ள மாட்டார், அந்த நிலைமையை விளக்கத்தான் ஸ்டார் டிரெக் என்ற அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து இந்தச் சொல்லை எடுத்தார். ஜாப்ஸ் எதிரில் இருக்கும்வரை எதுவும் முடியும் என்று தோன்றும், அவர் அந்தப் பக்கம் போனதும் தெளிந்துவிடும். (மேக்கின்டாஷ் வந்தது 1984 ஜனவரியில்!) இப்படி ஒன்று நடக்கிறது என்று தெரிந்தவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள் என்பதுதான் வேடிக்கை.

ஆகவே, ஆள் போனதும் மயக்கம் போகிறதா என்று பாருங்கள். உங்கள் மேலாளர் வெளிநாட்டுக்கே போனாலும் அந்தப் பொய் கணக்குப் புத்தகத்தில் அப்படியேதான் இருக்கும்.

அப்புறம், ‘களம்’ வேண்டாம். இது காந்தப்புலம் என்கிறோமே, அந்தப் புலம். பக்கத்தில் வந்தால் இழுக்கும், விலக விலகக் குறையும். ‘திரிபு’ நன்றாகவே பொருந்துகிறது, நீங்கள் யோசித்துப் போட்டீர்களோ என்னவோ. நன்னூல் புணர்ச்சியில் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று சொல்லும். பொன்னோடு குடம் வந்து சேர்ந்தால் பொற்குடம், பிரித்து எழுதினால் மறுபடி பொன். பக்கத்தில் வந்த எழுத்தால்தான் அந்த மாற்றம். சரி, அதற்காக ‘யதார்த்தத் திரிபுப் புலம்’ என்று நான் எழுதுவேனா என்றால் மாட்டேன், வாயில் நுழையவில்லை.

அந்த மேலாளர் கூட்டத்தில் பேசிய அரைமணி நேரம், நஷ்டம் தெரிந்தவர்கள்கூட அடுத்த மாதமே லாபம் வந்துவிடும் என்று நம்பினார்கள், வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் என்பது மாதிரி ஏதாவது நடந்திருந்தால் அங்கே இந்தத் தொடரைத் தாராளமாகப் போடுங்கள். இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.