நாடுகள் எழுதும் செயற்கை நுண்ணறிவு மூலோபாயங்களில் உள்ள பெரிய அறநெறிச் சிக்கல் எது?

என் பார்வையில், முறையீட்டுக்கு வழி சொல்லாததுதான். கனடாவும் சீனாவும் 2017இலும், இந்தியா 2018இலும் தத்தம் மூலோபாயங்களை வெளியிட்டன. 2021 நவம்பரில் யுனெஸ்கோவின் 193 உறுப்பு நாடுகளும் செயற்கை நுண்ணறிவின் அறநெறி குறித்த பரிந்துரையை ஏற்றுக்கொண்டன. நியாயம், வெளிப்படைத்தன்மை, பொறுப்புக்கூறல் என்ற சொற்களுக்கு இத்தகைய ஆவணங்களில் பஞ்சமில்லை. ஆனால் ஒருவரின் விண்ணப்பத்தைக் கணினி நிராகரித்தால் அவர் எங்கே, எந்த மொழியில் கேட்கலாம், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்ற இடத்துக்கு வரும்போது பேச்சு பொதுப்படையாகிவிடுகிறது.

நெதர்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடியைக் கண்டுபிடிக்க வரித்துறை பயன்படுத்திய கணிப்பு முறை, விண்ணப்பதாரர் டச்சுக் குடியுரிமை உடையவரா என்பதையும் ஓர் அளவுகோலாகக் கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான பெற்றோர் தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டுப் பெருந்தொகைகளைத் திருப்பிச் செலுத்த வேண்டியதாயிற்று. 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது. நீதிமன்றங்களும் கண்காணிப்பு அமைப்புகளும் வலுவாக உள்ள ஒரு நாட்டின் நிலைமை இது.

இலங்கையில் வறிய குடும்பங்களுக்கு அரசு உதவிப்பணம் வழங்க 2023இல் தொடங்கிய அஸ்வெசும திட்டம் செயற்கை நுண்ணறிவு அன்று. கல்வி, சுகாதாரம், சொத்து, வீட்டு நிலை போன்றவை சார்ந்த 22 அளவுகோல்களைக் கொண்டு குடும்பங்களுக்குப் புள்ளியிடும் முறைதான். அதற்கே மேன்முறையீடுகள் குவிந்தன, பிரதேச செயலகங்களுக்கு முன்னால் மக்கள் திரண்டார்கள். அளவுகோல்களை எண்ணிச் சொல்லக்கூடிய ஒரு முறைக்கே இந்த நிலை என்றால், உருவாக்கியவராலேயே முழுமையாக விளக்க முடியாத முறைகள் வரும்போது என்ன ஆகும்?

எங்கள் வெள்ளவத்தைத் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், புதிய இயந்திரம் வாங்க ஒரு நிதி நிறுவனத்தில் கடன் கேட்டிருந்தார். "சிஸ்டம் அப்ரூவ் பண்ணேல்ல அக்கா" என்பதுதான் அங்கிருந்த பெடியன் கொடுத்த முழு விளக்கம். கையில் கிடைத்த கடிதம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது; காரணம் இரண்டிலும் இல்லை. (அந்தப் பெடியனைக் குறை சொல்லிப் பயனில்லை, அவனுக்கும் திரையில் சிவப்பு எழுத்து மட்டுமே தெரிந்திருக்கும்.)

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, முழுக்கத் தானியங்கி முறையில் எடுக்கப்பட்ட தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமையைச் சில நிபந்தனைகளோடு வகுத்திருக்கிறது. ஆனால் வேறொரு சட்டம் அத்தீர்மானத்துக்கு அதிகாரமளித்திருந்தாலோ, ஓர் ஒப்பந்தத்துக்கு அது அவசியமானாலோ அந்த உரிமை பொருந்தாது. அக்காவின் கடன் இரண்டாவது விதிவிலக்குக்குள் போய்விடலாம். வரி, நலன்புரிக் கொடுப்பனவு என அரசு தீர்மானிப்பவை முதலாவதுக்குள் எளிதாக அடங்கிவிடும். ஆகவே இலங்கையின் மூலோபாயத்தில் நான் முதலில் தேடிப் பார்ப்பது, இந்த விதிவிலக்குகளைச் சுருக்குவதற்கும், காரணத்தைத் தமிழிலும் எழுத்தில் கொடுப்பதற்கும் அது யாரைப் பொறுப்பாக்குகிறது என்பதையே.