சூடாகாத எஞ்சினைப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

பழைய பைக், குட்டியானை, லாரி பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். இடம் இருக்கிற அளவுக்கு ஆறு பேருக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: கல்லூரிக்குப் போய்வர ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் வேண்டும். இங்கே பழைய வண்டி விற்கிற ஒரு கன்சல்டிங்கில் 2018 மாடல் ஸ்பிளெண்டர் இருக்கிறது. 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்கிறார்கள். எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. எதைப் பார்த்து வாங்குவது?
*கல்லூரி மாணவர், திண்டுக்கல்*

தம்பி, காலையில் கடை திறக்கிற நேரத்துக்குப் போய் நில்லுங்கள். சாவியைக் கேட்பதற்கு முன்னால் எஞ்சினைக் கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் சரி. சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அப்போது மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். எஞ்சினின் உண்மையான நிலை முதல் கிக்கில்தான் தெரியும். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து அடங்கினால் பயமில்லை, அது ஈரம். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு ஒரு முறை ஆக்சிலரேட்டரை முறுக்குங்கள். அந்த ஒரு தடவை மட்டும் நீலமாகக் குபீரென்று வந்து நின்றால் பெரும்பாலும் வால்வு சீல், சின்னச் செலவுதான். வண்டி ஓட ஓட விடாமல் வந்தால் ரிங், பிஸ்டன், சிலிண்டர் போர் என்று எஞ்சினைப் பிரிக்கிற வேலை.

நான் முதன்முதலில் வாங்கிய வண்டியை மாலை ஏழு மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தேன். ஓனர் அதற்குள் இரண்டு ரவுண்டு போய் வந்திருந்தார், எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. மறுநாள் காலை எங்கள் வாசலில் ஸ்டார்ட் செய்தபோது எதிர்வீட்டுத் திண்ணை வரைக்கும் நீலப்புகை. அந்த மாதச் சம்பளம் முழுக்க அந்த எஞ்சினுக்கே போனது. அதனால்தான் காலை, குளிர்ந்த எஞ்சின் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

31,000 என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், மீட்டரை மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆனால் கால் வைக்கிற ரப்பர், கியர் லீவர், பிரேக் பெடல், கைப்பிடி இவையெல்லாம் பொய் சொல்லாது. மீட்டர் 31,000 காட்டும்போது பிரேக் பெடலின் கோடுகள் தேய்ந்து வழவழவென்று இருந்தால் ஏதோ இடிக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். தரையில் படுகிற பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் ஏழெட்டு வருடம் ஆன டயர் இறுகிப்போய்விடும், ஈரத்தில் பிடிக்காது, அதை மாற்றுகிற செலவையும் விலையில் பேசிவிடுங்கள். பின் ஸ்பிராக்கெட்டின் பற்கள் அரிவாள் மாதிரி வளைந்திருந்தால் செயின் செட் மொத்தமாக மாற்ற வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை ஒரே விரலால் இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் விழுவது போல நின்றால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற பேரிங், போயிற்று. அப்புறம் வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து பாருங்கள், இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இல்லை என்றால் எங்கோ பலமாக அடிபட்ட வண்டி. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்றும் பாருங்கள். 2023 டிசம்பரில் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் எத்தனையோ வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. கழுவி, பெயின்ட் அடித்துவிட்டால் வெளியே தெரியாது. சைடு கவரைக் கழற்றி ஃபியூஸ் பெட்டியையும் ஒயர்கள் சேர்கிற இணைப்புகளையும் பிரித்துப் பாருங்கள், மூழ்கிய வண்டியானால் காய்ந்த வண்டலும் பச்சைப் பூப்பும் அங்கேதான் இருக்கும்.

இதெல்லாம் தேறினால், பேசிய விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு வாங்குங்கள். ஆயில், பிளக், ஏர் ஃபில்டர், பிரேக் ஷூ, கேபிள் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே மாற்றிவிட வேண்டும். கையில் இருந்ததை எல்லாம் விலைக்கே கொடுத்துவிட்டுப் பிரேக் ஷூவை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிற பையன்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கேள்வி: என் பைக்கை 2 வருடம் முன்பு விற்றேன். வாங்கியவர் இன்னும் பெயர் மாற்றவில்லை. சிக்னல் தாண்டிய அபராதமெல்லாம் என் செல்போனுக்கு வருகிறது. ஆர்.சி. புத்தகத்தோடு கையெழுத்துப் போட்ட ஃபார்மும் கொடுத்துவிட்டேன். எனக்கு ஏதாவது ஆபத்து உண்டா?
*மளிகைக் கடைக்காரர், விருத்தாசலம்*

உண்டு ஐயா. அபராதம் வருவது இதில் சின்ன விஷயம். அந்த வண்டி யார் மேலாவது மோதினால், இன்சூரன்ஸும் இல்லாமல் இருந்தால், நஷ்டஈட்டுக்கு உங்களைத்தான் தேடுவார்கள். யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், வண்டி நாலு கை மாறியிருந்தாலும் பொறுப்பு அவருடையதுதான் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்குத்தான் ஃபார்ம் 29. வாங்கியவர் 30 நாளுக்குள் ஃபார்ம் 30 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். நம் ஊரில் என்ன செய்கிறோம்? இரண்டு ஃபார்மிலும் தேதி போடாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்த ஃபார்ம் டாஷ்போர்டிலும் மேஜை டிராயரிலும் கிடந்து மூன்று நான்கு பேர் கை மாறும்.

இப்போதாவது ஒன்று செய்யுங்கள். எந்தத் தேதியில், யாருக்கு, எவ்வளவுக்கு விற்றீர்கள் என்று எழுதி, அவரிடம் வாங்கிய அடையாள அட்டை நகல் இருந்தால் அதையும் வைத்து, உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்குங்கள். ஒரு நகலைப் பதிவுத் தபாலில் வாங்கியவருக்கும் அனுப்புங்கள். அவரை நேரில் போய்ப் பாருங்கள், பெயர் மாற்றுகிற செலவு அவருக்குக் கஷ்டம் என்றால் நீங்களே போட்டுவிடுங்கள், நஷ்டஈட்டு வழக்கு ஒன்றைச் சுமப்பதற்கு அந்தச் செலவு எவ்வளவோ மேல். எங்கள் குடும்பத்திலேயே ஒருவர், விற்று ஐந்து வருடம் ஆன வண்டிக்காகக் கோர்ட் படி ஏறி இறங்கினார். அந்த அலைச்சலை நான் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்.

இனிமேல் விற்கிறவர்களுக்கு ஒரு சேதி. கன்சல்டிங்கில் வண்டியை விடுவதாக இருந்தால், அவர்கள் அங்கீகாரம் பெற்றவர்களா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிற விதிப்படி, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வண்டியை ஒப்படைத்ததை ஃபார்ம் 29சி மூலம் இணையத்தில் தெரிவித்துவிட்டால், அதிலிருந்து பொறுப்பு அவர்களுடையது.

கேள்வி: என் கணவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி இறக்கும் வேலை செய்கிறார். சொந்தமாக ஒரு பழைய குட்டியானை வாங்கலாம் என்று நகையை வைத்துப் பணம் புரட்டியிருக்கிறோம். 9 வருடம் ஆன வண்டி ஒன்று பேசுகிறார்கள். கார் லைசென்ஸ்தான் இருக்கிறது. ஏமாந்துவிடக் கூடாது, அதனால் கேட்கிறேன்.
*வாசகி, ஒட்டன்சத்திரம்*

நகை வைத்த பணம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன் சகோதரி, உங்கள் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டியை எல்.எம்.வி., அதாவது கார் லைசென்ஸில் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லி, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்துவிட்டது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டும் தேவையில்லை.

வண்டிக்கு வருவோம். குட்டியானை என்று நாம் சொல்கிற டாடா ஏஸ் 2005-இல் வந்தபோது அதில் இருந்தது 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், 16 குதிரைத்திறன். முக்கால் டன் ஏற்றுவதற்காகச் செய்தது. அதில் ஒன்றரை டன் ஏற்றி மலைப்பாதையில் ஓட்டியிருந்தால் எஞ்சின் எத்தனை முறை கொதித்திருக்கும் என்று யோசியுங்கள். அதனால் முதலில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரின் மேல் எண்ணெய் ஆடை மாதிரி மிதந்தால் ஹெட் கேஸ்கட்டில் கோளாறு. அடுத்து, வண்டியை ஸ்டார்ட் செய்து ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றுங்கள். லேசாக ஆவி வந்தால் பரவாயில்லை. குக்கர் விசில் வருகிற மாதிரி புஸ் புஸ்ஸென்று புகை தள்ளினால், அழுத்தம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது, எஞ்சின் வேலை காத்திருக்கிறது.

அப்புறம் ஒரு பழைய சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் குட்டியானை வாங்கவே கூடாது. ஸ்பிரிங் பட்டை சேசிஸில் மாட்டுகிற இடத்தில் வெல்டிங் தடம், புதிதாக அடித்த கறுப்புப் பெயின்ட், ஒட்டுத் தகடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தளத்தின் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று கேட்கும், துரு அரித்த இடம் 'பொத்' என்று அடங்கிக் கேட்கும். காய்கறி ஏற்றிய வண்டியில் ஈரம்தான் இருக்கும், மீன் ஏற்றிய வண்டியில் உப்புத்தண்ணீர் சொட்டிச் சொட்டித் தகடு பிஸ்கட் மாதிரி உதிரும். கடற்கரை ஊரிலிருந்து வந்த வண்டி என்றால் இரண்டு மடங்கு கவனம்.

பேப்பர் விஷயம். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, அதற்கு மேல் வருடா வருடம். உங்கள் வண்டி 9 வருடம், அதாவது ஒவ்வொரு வருடமும் எஃப்.சி. காட்ட வேண்டும், டிங்கரிங், பெயின்டிங், லைட், ஸ்டிக்கர் என்று ஒவ்வொரு முறையும் ஒரு தொகை வைக்க வேண்டும். எஃப்.சி. முடிய ஒரு மாதம் இருக்கும்போது விற்க அவசரப்படுகிறவர்கள் ஏராளம். எஃப்.சி. காட்டிக் கொடுங்கள், பிறகு மீதிப் பணம் என்று பேசுங்கள். ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனி பெயர் ஏறியிருந்தால் டியூ கட்டி முடித்ததற்கான தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.), ஆர்.சி.யிலிருந்து அந்தப் பெயரை நீக்குகிற ஃபார்ம் 35-உம் கைக்கு வராமல் அட்வான்ஸுக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். "டியூ இன்னும் ரெண்டுதான் இருக்கு, நீங்களே கட்டிக்கோங்க" என்பதற்கு மட்டும் சம்மதிக்கவே வேண்டாம். வண்டி கை மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அப்படி மாற்றாவிட்டால், அடுத்தவருக்கு ஏற்படுகிற பாதிப்புக்குப் பாலிசி இருந்தாலும் உங்கள் வண்டிக்கு ஆகிற சேதத்துக்குப் பணம் வராது.

கேள்வி: புல்லட்டுக்கு வெளி சைலன்சர் மாட்டலாமா? போலீஸ் பிடிப்பார்களா?
*வாசகர், கரூர்*

மாட்ட வேண்டாம். சத்தத்துக்கு மட்டும் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். வண்டியை மாற்றி அமைத்ததற்குத் தனியாக 5,000. அபராதத்தை விடுங்கள், ராத்திரி பதினோரு மணிக்கு உங்கள் தெருவில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். சீட்டை மாற்றுங்கள், நல்ல டயர் போடுங்கள், அதெல்லாம் உங்கள் இஷ்டம்.

கேள்வி: ஆர்.எக்ஸ். 100 வாங்கி ரெஸ்டோர் செய்ய ஆசை. எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். விலைதான் புது வண்டியை விட அதிகம்.
*வாசகர், கோவை*

1985 முதல் 1996 வரை வந்த வண்டி, 98 சிசி டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். அந்த இழுப்பை அனுபவித்தவனுக்கு உங்கள் ஆசை புரியும். ஆனால் இன்றைக்கு ரோட்டில் இருக்கிற ஆர்.எக்ஸ்.களில் எஞ்சின் ஒன்று, சட்டம் (சேசிஸ்) ஒன்று, ஆர்.சி. இன்னொன்று என்று சேர்த்துக் கட்டியவையும் கலந்து கிடக்கின்றன. காயலான் கடைக்குப் போன வண்டியின் ஆர்.சி.யை வைத்துக்கொண்டு, வேறு சட்டத்தில் பழைய நம்பரை அரத்தால் தேய்த்துவிட்டு அந்த நம்பரைக் குத்திவிடுகிறார்கள். ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பகுதியில் இருக்கிற நம்பரை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, விரல் நுனியால் தடவிப் பாருங்கள். எழுத்தைச் சுற்றியுள்ள இரும்பு மற்ற இடத்தைவிடப் பள்ளமாக இருந்தாலோ, எழுத்துகள் ஒரே மட்டத்தில் இல்லாமல் ஆடினாலோ விட்டுவிடுங்கள். அது திருட்டு வண்டியாக இருந்தால் நீங்கள் கொட்டிய பணம் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நிற்கும்.

இன்னொன்று, பதிவு 15 வருடம்தான், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 1996-இல் பதிவான கடைசி வண்டிகளுக்கே 2011, 2016, 2021 என்று மூன்று முறை புதுப்பித்திருக்க வேண்டும், 2026-இல் நான்காவது. பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு அது நடந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பெயின்ட் நிறத்தைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: ஆறு சக்கர லாரி, பழையது. லோடு கொஞ்சம் கூட ஏற்றினால்தான் டீசலுக்கே கட்டுபடியாகிறது. பின்பக்கம் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை சேர்த்துக்கொள்ளலாமா?
*லாரி உரிமையாளர், சங்ககிரி*

அண்ணே, லாரித் தொழிலைச் சங்ககிரிக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, வாடகை ஏறாமல் டீசல் மட்டும் ஏறுகிற கஷ்டமும் தெரியும். ஆனால் பட்டை சேர்த்தால் வண்டி தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். ஆக்சில் அதேதான், பிரேக் டிரம் அதேதான், டயர் அதேதான். பிரேக் பிடிக்கிற இடத்தில் நீங்கள் எதையும் சேர்க்கவில்லை. முன்பு வண்டி அமுங்கிக் கிடப்பதைப் பார்த்தாவது டிரைவர் நிதானமாகப் போவார், இப்போது அந்த எச்சரிக்கையும் போய்விடும்.

2018 ஜூலையில் உங்களுடையது மாதிரி இரண்டு ஆக்சில் லாரிக்கான மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக ஏற்றினார்கள். உங்கள் ஆர்.சி.யில் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்குக் கணக்கு. அதற்கு மேல் பிடிபட்டால் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரு முறை பிடிபட்டாலே கூட ஏற்றிச் சம்பாதித்தது எல்லாம் போய்விடும்.

தொப்பூர் கணவாயில் உங்கள் டிரைவர் வாரத்துக்கு எத்தனை முறை இறங்குகிறார்? டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்கி, பாதியில் டிரம் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற காரில் ஏறிய லாரிகளின் கதை அந்த இறக்கத்தில் வருடா வருடம் கேட்கிறோம். ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் கிளீனர் பையனுக்குச் சொல்லித் தருவது சும்மா இல்லை. பட்டைக்கு வைத்திருக்கிற பணத்தில் நாலு டிரம்மையும் கழற்றி லைனிங் மாற்றுங்கள், டிரம்மில் வெடிப்பு இருந்தால் கடைசல் போட்டு ஒப்பேற்றாமல் புதிதாகவே போடுங்கள், ஏர் டேங்கில் சேருகிற தண்ணீரை தினம் ராத்திரி வண்டியை நிறுத்தியதும் திறந்துவிடச் சொல்லுங்கள். அடுத்த எஃப்.சி. வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே பட்டறையில் விடுங்கள்.