டிக் அடித்தவர் தப்பித்துவிட்டார்

கேள்வி: மகனுக்கு 11 வயது, டைப் 1 சர்க்கரை. இரண்டு வருடத்துக்கு முன் மருத்துவக் காப்பீட்டு பாலிசி எடுத்தபோது, "சுகர்னு எழுதினா குடுக்க மாட்டாங்கக்கா" என்று முகவரே 'இல்லை' என்று டிக் அடித்தார். போன மாதம் கீட்டோன் ஏறி (இன்சுலின் போதாமல் ரத்தத்தில் அமிலம் கூடி) நான்கு நாள் ஐசியூ. கிளெய்மை மறுத்து பாலிசியையும் ரத்து செய்துவிட்டார்கள். — வாசகி, திருச்சி

பதில்: பையன் தேறி வீட்டுக்கு வந்துவிட்டான் அல்லவா? சரி, இனி பணத்தைப் பேசலாம்.

இந்த 'எழுத வேண்டாம்' கூட்டத்தின் மேல் எனக்குப் பல வருடக் கோபம். கமிஷன் அவர்களுக்கு, கையெழுத்து உங்களுடையது. "அஞ்சு வருஷம் ஓட்டிட்டா யாரும் கேட்க மாட்டாங்க" என்பார்கள். 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டியபின் மறைத்ததைக் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது என்பது நிஜம்தான். மோசடி என்று நிரூபித்தால் அப்போதும் மறுக்கலாம். அந்த ஐந்து வருடத்துக்குள் கீட்டோன் ஏறாமல் இருக்க முகவரா காவல் நிற்பார்? உண்மையை எழுதினால் சில கம்பெனிகள் மறுக்கும், சில பிரீமியத்தை ஏற்றும். ஏற்றுக்கொள்கிற கம்பெனி, ஏற்கெனவே உள்ள நோய்க்கு இப்போது அதிகபட்சம் 36 மாதம்தான் காக்க வைக்கலாம்.

பாலிசியோடு வந்த படிவ நகலை எடுங்கள். முகவரின் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுப்புதான் என்றால், ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவரிடம்) போங்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ஜெயிப்பது கஷ்டம், ஆனாலும் போங்கள்.

கேள்வி: 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை என்றார்கள். என் பிரீமியம் ஏன் ஏறியது? வேறு கம்பெனிக்கு மாறலாமா? எனக்கும் டைப் 1. — வாசகர், ஈரோடு

பதில்: எடுத்தது 18% வரியை. அடிப்படை பிரீமியத்தை வயதைக் காட்டியும் மருத்துவச் செலவைக் காட்டியும் ஏற்றுகிறார்கள். நீங்கள் கிளெய்ம் வாங்கியதற்காக உங்களுக்கு மட்டும் ஏற்றக் கூடாது. அதுதான் காரணமா என்று எழுத்தில் கேளுங்கள். மாறுவதென்றால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்காகப் பழைய கம்பெனியில் காத்திருந்த காலம் கூடவே வரும். ஆனால் புதியவர் மறுக்கலாம். அவர் சரி என்று எழுதித் தரும்வரை பழையதை விடாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் மலிவாக 'U-100' சிரிஞ்ச் (ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கானது) வாங்கினேன். ஆரஞ்சு மூடி. இன்சுலின் குப்பியில் 40 (ஒரு மில்லிக்கு 40 யூனிட்) என்று இருக்கிறது. பரவாயில்லையா? — வாசகர், வேலூர்

பதில்: பரவாயில்லையா என்று எனக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தீர்களா! அந்த சிரிஞ்சில் 10 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட். 40 குப்பிக்கு சிவப்பு மூடி. இன்றே மாற்றுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: தினசரி இன்சுலின், ஸ்ட்ரிப் செலவைப் பாலிசி தருமா? — வாசகி, நாகர்கோவில்

பதில்: சாதாரணப் பாலிசி தராது. அது ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு.

கேள்வி: டைப் 1-ஐ 48 நாளில் குணமாக்கும் பொடி, 9,000 ரூபாய். வாங்கலாமா? — வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். இன்சுலினையும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: குளுக்கோமீட்டர் இலவசமாகத் தருகிறார்கள், வாங்கிக்கொள்ளட்டுமா? — வாசகி, மதுரை

பதில்: முதலில் ஸ்ட்ரிப் விலையைக் கேளுங்கள். பொருட்காட்சியில் அம்மாவுக்காக நானும் இலவசமாக ஒன்று வாங்கினேன். எட்டே மாதத்தில் அதற்கான ஸ்ட்ரிப் கடைகளில் நின்றுபோனது. மீட்டர் இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது, பேட்டரி மட்டும் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விட்டது.