2147483647 என்ற பகா எண்ணுக்குக் கணிதத்தில் என்ன சிறப்பு?

கணினியில் குறியுடைய (மிகை, குறை இரண்டையும் ஏற்கும்) 32 பிட் முழு எண்ணின் உச்ச வரம்பாக வருவதைத் தவிர, 2147483647-க்குக் கணிதத்தில் தனிச்சிறப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. அந்தச் சிறப்பின் பெரும்பகுதி அதன் இரு பக்கத்து எண்களிலிருந்து வருகிறது என்பதே என் கருத்து.

இதற்கு அடுத்து மேலே இருக்கும் எண் 2³¹. இவ்வாறு 2-இன் அடுக்கிலிருந்து 1 குறைந்து அமையும் பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்பர்; அவ்வரிசையில் 2147483647 எட்டாவது. இது பகா எண்தான் என்று 1772-இல் லியோனார்ட் ஆய்லர் நிறுவினார். வெறுமனே வகுத்துப் பார்ப்பதென்றால், வர்க்கமூலமான 46,340 வரையிலுள்ள 4,700-க்கும் மேற்பட்ட பகா எண்களால் வகுக்க வேண்டும். அந்த உழைப்பை அவர் சுருக்கிய விதம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி.

'ப' என்னும் பகா எண் இதை மீதியின்றி வகுப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது 2³¹-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். 31 பகா எண் என்பதால், அதைவிடச் சிறிய எந்த அடுக்கிலும் மீதி 1 ஆகாது. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2-இன் (ப−1)-ஆம் அடுக்கும் மீதி 1 தருவதால், ப−1 என்பது 31-ஆல் வகுபட்டே ஆக வேண்டும். ப ஒற்றைப்படை எண் என்பதையும் சேர்த்தால், ப−1 என்பது 62-ஆலும் வகுபடும். அடுத்து, 2¹⁶-இன் வர்க்கமான 2³²-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 2 என்பதால், 2 என்பது ப-ஐப் பொறுத்து ஒரு வர்க்க மீதியாகிறது (ஒரு வர்க்க எண்ணை ப-ஆல் வகுத்தால் வரக்கூடிய மீதி). அதனால் ப-ஐ 8-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 மட்டுமே மிஞ்சும். இரண்டையும் இணைத்தால், ப-ஐ 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63. வரம்புக்குள் அத்தகைய எண்கள் 373 மட்டுமே. அவற்றிலும் பகு எண்களை விட்டுவிடலாம். இதை முதலில் கற்றபோது, 311, 1303, 1489 என்று தொடங்கும் அந்தப் பட்டியலைத் தாளில் எழுதி, முதல் பக்கம் முடியும்வரை நானே வகுத்துப் பார்த்தேன். அன்றுதான் நிறுவல் என்பது உழைப்பையும் மிச்சப்படுத்தும் என்பது எனக்கு உறைத்தது.

இந்த எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128 என்ற நிறைவெண் கிடைக்கும். தன் வகுஎண்களில் தன்னைத் தவிர்த்த மற்றவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண் அது. இதைவிடப் பெரிய நிறைவெண்ணைத் தேட யாரும் முற்படமாட்டார்கள் என்று 1811-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ எழுதினார். தேடல் நிற்கவில்லை.

ஒன்று குறைந்து கீழே இருக்கும் எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. இப்படிச் சிறிய காரணிகளாகவே அது உடைவதால், ஓர் எண்ணின் அடுக்குகளை 2147483647-ஆல் வகுக்கும்போது 1 முதல் 2147483646 வரையிலான எல்லா மீதிகளும் வருகின்றனவா என்று அறிய, வெவ்வேறான பகாக் காரணி ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக ஏழே சோதனைகள் போதும். 7 என்ற எண் அச்சோதனைகளில் தேறுகிறது. அதைவிடச் சிறிய எந்த எண்ணும் தேறுவதில்லை. 5 மேற்கண்ட காரணிகளுள் இல்லாததால், 7⁵ ஆகிய 16807-உம் தேறுகிறது. சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் ஒரு பழைய முறை இதைத்தான் பயன்படுத்துகிறது: கையிலுள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை எடுத்துக்கொள்வது. வகுக்கும் எண் 2³¹-ஐவிட 1 மட்டுமே குறைவு என்பதால், பெருக்குத்தொகையின் கடைசி 31 பிட்களையும் மேலே மிஞ்சும் பிட்களையும் கூட்டினாலே அநேகமாக அந்த மீதி வந்துவிடும்; மிஞ்சினால் ஒருமுறை கழித்தால் போதும். 1 முதல் 2147483646 வரையிலான எந்த எண்ணில் தொடங்கினாலும், அந்த 2147483646 எண்களையும் ஒருமுறை தொட்ட பிறகே தொடங்கிய எண் திரும்ப வரும்.